திருச்சி–யாழ்ப்பாணம்: வானில் 184 கிலோமீட்டர், கடிகாரத்தில் எவ்வளவு?

கேள்வி இது. காரைக்குடியிலிருந்து அப்பச்சியையும் ஆத்தாவையும் யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். திருச்சியிலிருந்து பலாலி வரை எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 99, இன்னோரிடத்தில் 114, வேறோரிடத்தில் 184, மற்றொன்றில் 190 என்று வருகிறது. நேரமும் அப்படித்தான்: 14 நிமிடம், 44 நிமிடம், ஒரு மணி நேரம். எது சரி? செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம் திறந்தால் எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் விடை. திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலியில் இருக்கும் யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 184 கிலோமீட்டர். விமானம் தரையை விட்டு மேலே இருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மணி, சில நாள் 35 நிமிடம். கதவு சாத்தி நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை 45 முதல் 50 நிமிடம். அட்டவணையில் போடுவது ஒரு மணி நேரத்தை ஒட்டி. காரைக்குடி வீட்டு வாசலிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குள் போய்ச் சேர ஆறு முதல் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பது தெரிந்தால் எந்தத் தளம் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

99, 114, 184 மூன்றும் ஒரே தூரம்தான், அளவுதான் வேறு. 184 கிலோமீட்டர் என்பது 114 மைல். அதையே கடல் மைலில் சொன்னால் 99. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது கடல் மைலில், வேகத்தைச் சொல்வது ‘நாட்’ கணக்கில், அதாவது ஒரு மணிக்கு எத்தனை கடல் மைல் என்று. தேடித் தரும் தளம் 99 என்று போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் அலகைப் போட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பாதித் தூரம் காணாமல் போய்விடும்.

190 என்று வருவது வேறு வகை. அது விமான நிலையத்திலிருந்து அளந்ததல்ல. திருச்சி நகரத்தின் நடுப்புள்ளிக்கும் யாழ்ப்பாண நகரத்தின் நடுப்புள்ளிக்கும் இடையே அளந்தது. திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையில், செம்பட்டில் இருக்கிறது. பலாலியோ யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, கடலோரத்தை ஒட்டி. இரண்டு நிலையமும் ஒன்றையொன்று பார்த்த பக்கமாகச் சற்று நெருங்கியிருப்பதால் நகரத்துக்கு நகரம் அளந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் கூடுகிறது. பெரிய ஊர்களுக்கு இடையே ஆயிரக்கணக்கில் தூரம் இருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சின்ன நிலையங்களுக்கு இடையே இருநூறு கிலோமீட்டருக்குள் என்றால் நன்றாகத் தெரியும்.

எந்தத் தளத்தையும் நம்பாமல் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டரில் வர்க்கமூலம் இருந்தால் போதும். திருச்சி நிலையம்: வடக்கு 10.765, கிழக்கு 78.710. பலாலி: வடக்கு 9.792, கிழக்கு 80.070. வடக்குத் தெற்கு வித்தியாசம் 0.973 பாகை. நம் பக்கத்தில் ஒரு பாகை அட்சரேகை 110.6 கிலோமீட்டர், ஆகவே 107.6 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.36 பாகை. தீர்க்கரேகைக்கு ஒரு பாகை எல்லா இடத்திலும் ஒரே நீளம் இல்லை; நிலநடுக்கோட்டில் 111.3 கிலோமீட்டர், வடக்கே போகப் போகக் குறையும். பத்துப் பாகையில் 109.5 என்று வைத்துக்கொள்ளலாம். 1.36 ஐ 109.5 ஆல் பெருக்கினால் 149. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 183.8. பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிடும் தளங்கள் 184.0 என்று காட்டும்; துருவத்தில் சற்றே தட்டையான வடிவத்தை எடுத்துக்கொள்ளும் தளங்கள் 183.8 என்று காட்டும். சண்டை போடுமளவுக்கு வித்தியாசமில்லை.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. திருச்சியின் இடக்குறிப்பு சில இடங்களில் 10 பாகை, 45 கலை, 55 விகலை என்று எழுதியிருக்கும். அதை அப்படியே 10.4555 என்று தட்டிவிடுகிறார்கள். 45 கலை என்பது முக்கால் பாகை. 60 ஆல் வகுக்க வேண்டும். 55 விகலையை 3600 ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 10.765 வரும். வகுக்காமல் இரண்டு நிலையத்தையும் போட்டால் விடை 208 கிலோமீட்டர் ஆகிவிடும். பார்த்தால் நம்பும்படியான எண்ணாகவே இருப்பதால் தப்பு வெளியே தெரியாது.

இன்னொன்று: விமானத்தை வரைபடத்தில் நகர்த்திக் காட்டும் செயலிகள் 184 ஐவிடக் கூடுதலாகக் காட்டும். அது தவறில்லை. அவை காட்டுவது விமானம் உண்மையில் சுற்றிப் போன பாதையின் நீளம். நேர்கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்காகப் போய், பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே கடந்து, மல்லிப்பட்டினம்–அதிராம்பட்டினம் பக்கத்தில் கரையை விடும். பிறகு பலாலி வரை பாக் நீரிணைதான். மொத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் கடல். ஆனால் விமானம் கோட்டின் மேலேயே ஓடாது. குறித்த புள்ளிகள் வழியாகத்தான் வழித்திட்டம் போடுவார்கள். நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாட்டு வான்பகுதியிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கை மாறும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுதளத்தின் திசைக்கு ஏற்ப வளைய வேண்டும்.

இனி நேரம். 14 நிமிடம் எங்கிருந்து வருகிறது? 184 ஐ ஜெட் வேகமான 800 ஆல் வகுத்தால் 13.8 நிமிடம். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. 44 நிமிடம்? 114 மைலை மணிக்கு 500 மைலால் வகுத்து, ஏற இறங்க என்று ஒரு 30 நிமிடத்தைத் தூக்கிப் போட்டுக் கூட்டியது. இரண்டாவது விடை உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அது குருட்டாம்போக்கில் வந்த பொருத்தம். இந்த வழியில் ஓடுவது ஜெட்டே இல்லை. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ தொடங்கிய திருச்சி–யாழ்ப்பாணம் சேவைக்கு வந்தது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது, 78 இருக்கை. அதன் உச்ச வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி.

சரி, 184 ஐ 500 ஆல் வகுத்தால் 22 நிமிடம்தானே, அரை மணி ஏன் என்று கேட்கலாம். விமானம் அந்த உச்ச வேகத்தில் பறப்பது மொத்தம் மூன்று நிமிடம்தான் என்பதுதான் பதில். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். இந்தத் தூரத்துக்கு 15,000 அடி உயரம் எடுத்துக்கொண்டால், ஏடிஆர் நிமிடத்துக்குச் சராசரி 1,200 அடி ஏறும். ஏற மட்டும் 12 நிமிடத்துக்கு மேல். ஏறும்போது வேகம் 190 நாட் அளவில் இருக்கும், ஆகவே அதற்குள் 40 கடல் மைல் போய்விடும். இறங்குவதற்கு விமானிகள் கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 15,000 அடிக்கு 45 கடல் மைல். 40 உம் 45 உம் 85. மொத்தமே 99. மிச்சம் இருக்கும் 14 கடல் மைலில்தான் நேராக, முழு வேகத்தில் பறக்கிறது. ஏற 12 நிமிடம், நடுவில் 3, இறங்க 11, ஓடுதளத்துக்கு நேராக வந்து, வேகம் குறைத்து, சக்கரம் இறக்கித் தரை தொட இன்னொரு 6. கூட்டினால் 32.

இதனால்தான் இவ்வளவு குறுகிய வழியில் தூரத்தைத் துல்லியமாக அளந்து பெரிய பயனில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, குறைக்க முடியாத அந்த நிலையான வேலைகள். காரைக்குடி பேருந்து நிலையத்திலிருந்து பக்கத்திலேயே இருக்கும் கோவிலூர் போகிறவருக்குப் பேருந்தின் வேகம் ஒரு பொருட்டா? அது எப்போது கிளம்பும் என்பதுதானே கேள்வி.

ஜெட் விட்டால் வேகமாகப் போகுமா என்றால், பெரிதாக இல்லை. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. இந்தப் பயணத்தில் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழேயும் அதை ஒட்டியும்தான். ஏர்பஸ் 320 வந்தாலும் நாலைந்து நிமிடம் மிச்சப்படும், எரிபொருள் அதைவிடக் கூடுதலாகக் கரையும். எதிர்ப்பக்கமாக, செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் 120 நாட் வேகத்தில் இதே தூரத்தை 50 நிமிடத்தில் கடந்துவிடும். நான்கு மடங்கு வேக வித்தியாசம் இருக்கும் இரண்டு விமானத்துக்கு நடுவே வானில் இருபது நிமிட வித்தியாசம்தான். ஒற்றை எஞ்சினோடு நூறு கிலோமீட்டர் கடலைக் கடப்பது வேறு கதை. அதை இங்கே பேச வேண்டாம்.

வானில் 32 நிமிடம் என்றால் அட்டவணையில் ஏன் ஒரு மணி? விமான நிறுவனங்கள் அச்சிடும் நேரம் பறக்கும் நேரமல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். எஞ்சின் ஓட்டி, ஓடுதளத்தின் முனைக்கு ஊர்ந்து போய், அனுமதி வாங்கிக் கிளம்ப 8 முதல் 10 நிமிடம். சின்ன நிலையங்களில் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்குத் தனி ஊர்தடம் இருக்காது. விமானம் ஓடுதளத்தின் மேலேயே அடுத்த முனை வரை ஊர்ந்து, அங்கே முழுவட்டம் திரும்பித்தான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு விமானம் இறங்க வந்தால் காத்திருப்புதான். இறங்கின பிறகு நிறுத்துமிடம் வர 3 முதல் 5 நிமிடம். மேலே ஒரு பத்து நிமிடம் கைக்காவலாக வைப்பார்கள், காலையில் தாமதமான விமானம் மாலை வரை எல்லா ஊரிலும் தாமதமாகாமல் இருக்க. ஆகவே பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய் இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். விமானி ஓட்டம் பிடிக்கவில்லை, அட்டவணையில் முன்பே இடம் இருந்தது.

நாளுக்கு நாள் ஐந்து பத்து நிமிடம் கூடிக் குறைவதற்கு முக்கியக் காரணம் காற்று. ஆனால் பலர் நினைக்கிற மாதிரி மேலே வீசும் காற்று அல்ல. தென்மேற்குப் பருவத்தில் மேலே மேற்கிலிருந்து 20 நாட் காற்று என்று வைத்துக்கொண்டாலும், போகும்போது தள்ளிவிட்டு வரும்போது தடுத்தாலும், 99 கடல் மைலில் அது மூன்று நிமிட வித்தியாசம்தான். பெரிய வித்தியாசம் தரையில் வீசும் காற்றால் வருகிறது, அதுதான் எந்த முனையிலிருந்து கிளம்புவது என்பதைத் தீர்மானிக்கிறது. திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது கிழக்கு நோக்கிக் கிளம்பி, சற்றே வலப்பக்கம் சாய்ந்தால் யாழ்ப்பாணத் திசை வந்துவிடும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது மேற்கு நோக்கிக் கிளம்ப வேண்டும். போக வேண்டிய திசைக்கு ஏறக்குறைய நேர் எதிராக. எழும்பி, வளைந்து, திரும்பி வந்து திருச்சியைத் தாண்டுவதற்கே நாலைந்து நிமிடம் போய்விடும்.

பலாலியில் நிலைமை இன்னொரு மாதிரி. அங்கே ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. திருச்சியிலிருந்து வரும் விமானம் தென்கிழக்கு நோக்கி வருகிறது. அதாவது ஓடுதளத்துக்குக் குறுக்கே வந்து சேர்கிறது. எந்த முனையில் இறங்கினாலும் வளைந்துதான் ஆக வேண்டும்: மேல்காற்று நாளில் கடல் பக்கம் சுற்றி வடகிழக்கிலிருந்து, வாடை நாளில் குடாநாட்டின் மேலே சுற்றித் தென்மேற்கிலிருந்து. மேகம் குறைவான பருவத்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுற்றில்தான் நல்ல காட்சி கிடைக்கும், அது வேறு.

இனி செட்டிநாட்டு ஓடுதளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. பலாலியும் அதே போர்க்காலத்துத் தளம்தான். அந்தத் தளம் பிழைத்துக்கொண்டது, இது பயணிகள் சேவையைப் பார்க்கவில்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இன்றைய பலாலியை. போருக்கும் பூட்டலுக்கும் பிறகு 2019 அக்டோபர் 17 அன்று அது பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் சேவை நின்று, 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து மறுபடி தொடங்கியது.

காரைக்குடி வட்டாரத்திலிருந்து பலாலிக்கு நேர்கோடு போட்டால் 145 கிலோமீட்டர்தான். கோடு கிட்டத்தட்ட நேர் கிழக்கே, அறந்தாங்கிக்குத் தெற்கே போய், கோட்டைப்பட்டினத்தில் கடலைத் தொடும். தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வானில் எவ்வளவு குறையும்? ஐந்து நிமிடம். மேலே சொன்ன ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நடுவிலே பறக்கும் கொஞ்சமும் ஏறும் உயரத்தில் கொஞ்சமும்தான் வெட்டுப்படும். அட்டவணையில் அப்போதும் 50, 55 நிமிடம் என்றுதான் போடுவார்கள். உண்மையான மிச்சம் தரையில்தான்: செம்பட்டுக்குப் போகும் இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாகும். ஓடுதளத்தின் பயனை விமானத் தூரத்தில் தேடினால் கிடைக்காது, அதைச் சாலையில் தேட வேண்டும்.

ஆனால் ஓடுதளம் இருப்பது வேறு, விமான நிலையம் இருப்பது வேறு. ஏடிஆர் 72 முழுச் சுமையோடு எழும்ப கடல்மட்டத்தில், மிதமான வெப்பத்தில் 1,300 மீட்டரை ஒட்டி வேண்டும். சித்திரை வெயிலில் காற்று மெலிந்து தூக்கும் சக்தி குறையும். இன்னும் நீளம் வேண்டும், இல்லையென்றால் ஆளையோ சுமையையோ குறைக்க வேண்டும். தார் போட்டு நீட்டிவிட்டால் முடிந்ததா என்றால், தீயணைப்பு வண்டி, கட்டுப்பாட்டு அறை, வானிலைக் கருவி, சுற்றுவேலி, எரிபொருள் எல்லாம் வேண்டும். வெளிநாட்டுச் சேவை என்றால் இமிக்ரேஷனும் சுங்கமும் சேரும். ஒரு நாளைக்கு 78 பேர் ஏறும் ஒரே ஒரு விமானத்துக்காக இவ்வளவு ஆளையும் உட்கார வைப்பது கட்டுப்படியாகாது. பெங்களூரு, சென்னை போன்ற உள்நாட்டுச் சேவை வந்து நிலைத்த பிறகுதான் இலங்கைப் பேச்சுக்கே இடம் உண்டு என்பது என் கணிப்பு.

அதுவரை திருச்சிதான். காரைக்குடியிலிருந்து திருச்சி நிலையம் நேர்கோட்டில் 77 கிலோமீட்டர், சாலையில் திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக 85 முதல் 90. நல்ல செய்தி என்னவென்றால் நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது; திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. காரில் ஒன்றே முக்கால் மணி, புதுக்கோட்டையில் மாட்டிக்கொண்டால் இரண்டு. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் பேருந்துகள் நிலையத்து வழியாகத்தான் போகின்றன, ஆனால் சாலையிலிருந்து முனையம் வரை பெட்டியோடு நடப்பது பெரியவர்களுக்கு ஆகாது. இரயிலில் போனால் திருச்சி ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்த வழியே திரும்பி வர வேண்டும். மதுரை நிலையமும் காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டர்தான். ஆனால் அது மதுரைக்குத் தெற்கே இருப்பதால் சாலையில் நூறை ஒட்டும், ஊரைச் சுற்றிப் போக வேண்டும்.

திருச்சியில் புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்குகிறது. பெரியது, உள்ளே நடை அதிகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். வாசலில் போய்க் கேட்டாலும் கிடைக்கும், காத்திருக்க நேரும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. அரை மணிப் பறப்புதானே, உள்ளூர்ப் பயணம் மாதிரி ஒரு மணி முன்னால் போகலாம் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் செக்-இன் மூடின கவுண்டர் முன்னால் நிற்கிறார்கள். பக்கத்து ஊராக இருந்தாலும் கடவுச்சீட்டு, இமிக்ரேஷன் எல்லாம் உண்டு. கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை அரசின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களின் பக்கம். விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் வாரத்தில் மறுபடி பாருங்கள். சேவை எந்தெந்த நாளில் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன நிலையங்களின் அட்டவணை கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என மாறும்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். 2006 ஏப்ரல் 15 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று. ஆகவே டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேராகக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும். துபாய், சிங்கப்பூர் டிக்கெட்டைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் கூட்டிக் கழித்துக் குழப்பிக்கொள்வார்கள்.

பலாலி விமானப்படைத் தளத்தை ஒட்டிய நிலையம். சிறியது. இமிக்ரேஷனில் ஒரே விமானத்துக் கூட்டம்தான், அரை மணி முதல் முக்கால் மணி. நகரத்துக்கு 16, 17 கிலோமீட்டர். வண்டியை முன்பே சொல்லி வைப்பது நல்லது, இறங்கியவுடன் வாடகை வண்டிகள் வரிசையில் நிற்கும் இடமல்ல அது.

கூட்டிப் பார்க்க வேண்டுமானால்: சாலையில் இரண்டு மணி, நிலையத்தில் மூன்று, விமானத்தில் ஒன்று, அந்தப் பக்கம் இமிக்ரேஷனும் சாலையும் சேர்த்து ஒன்றேகால். ஏழு மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. அதில் ஏழில் ஒரு பங்குகூட வானில் இல்லை. சென்னை வழியாகப் போனால் சென்னை–யாழ்ப்பாணம் 354 கிலோமீட்டர், காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரயிலிலேயே ஏழு மணி நேரத்தை ஒட்டும். அது இந்தச் சேவை இல்லாத நாளைக்கு மட்டும். கொழும்பு போய் அங்கிருந்து வடக்கே வருவது பெரியவர்களோடு வேண்டவே வேண்டாம்.

கடல் வழியும் ஒன்று உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்ட்டில் வேறு கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பலின் பெயர் ‘சிவகங்கை’, நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். தூரம் 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். நேரம் நான்கு மணியை ஒட்டி. விமானத்தைவிடச் சுமை கூடுதலாகக் கொண்டு போகலாம். ஆனால் காரைக்குடியிலிருந்து நாகப்பட்டினம் சாலையில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், அதிகாலைப் பயணம் என்றால் முதல் நாள் இரவே அங்கே தங்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள்.

ஏடிஆரில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கதவு பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கதவு சுமைக்கு. ஆகவே பின்வரிசை இருக்கை கேட்டால் பெரியவர்கள் ஏறவும் இறங்கவும் எளிது, இமிக்ரேஷன் வரிசையிலும் முன்னால் நிற்கலாம். சத்தம் அதிகம் வருவது காற்றாடிக்கு நேரே இருக்கும் முன்பாதியில். ஏணி விமானத்தோடு சேர்ந்ததே, ஐந்தாறு படிதான். பெரிய விமானத்தின் உயரம் இல்லை. தலைக்கு மேலே உள்ள அறை சின்னது, சக்கரம் வைத்த கைப்பெட்டி பல நேரம் உள்ளே நுழையாது. வாசலில் வாங்கிச் சுமை அறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, கடவுச்சீட்டு, நகை அந்தப் பெட்டியில் இருந்தால் கொடுக்கும் முன் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உறவுக்காரர்களுக்குத் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் கொண்டு போகத் தடையில்லை. நொறுங்காமல் இருக்கத் தகர டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைக்கலாம். ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் மூன்றும் நீர்மம் என்ற கணக்கில் வரும்; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் இரட்டை உறை போட்டு வையுங்கள். கோயிலுக்கு என்று கொப்பரைத் தேங்காய் எடுத்துப் போனால் பரிசோதனையில் நிறுத்துவார்கள். எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த தேங்காய் தீப்பற்றும் பொருளில் சேரும். அர்ச்சனைத் தேங்காயை நல்லூர் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.